பழைய ரிவால்வர்: வயது இரும்பில், விலை காகிதத்தில்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கும்போது, நிலம், மனை, நகை, பாத்திரம் எல்லாம் எழுதி முடித்த பிறகு சில வீடுகளில் ஒரு சாமான் மிஞ்சும். தாத்தாவின் இரும்புப் பெட்டியிலோ பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியிலோ துணி சுற்றி வைத்த ஒரு ரிவால்வர். அதை யார் பங்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் இருக்கும் ஒரு பேரன் போனை எடுத்து, இரும்பில் தெரியும் ஆங்கில எழுத்தைத் தட்டிப் பார்ப்பான். அமெரிக்காவில் ஏலம் போன விலை டாலரில் வந்து நிற்கும். அதுவரை யாருக்கும் வேண்டாத சாமான் அந்த நிமிஷத்திலிருந்து எல்லோருக்கும் வேண்டியதாகிவிடும்.

அந்த டாலர் கணக்கு இங்கே எடுபடாது. ரிவால்வரின் வயதை அதன் இரும்பே சொல்லிவிடும்; கொஞ்சம் பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். விலை வேறு சங்கதி. நம் நாட்டில் அதை முடிவு செய்வது தோட்டாவின் அளவும் கலெக்டர் ஆபீஸ் காகிதமும்தான். அபூர்வமான பழம்பொருளுக்கு ஒரு காசு தேறாமல் போவதும், சாதாரணப் பை ரிவால்வர் லட்சங்களுக்குப் போவதும் இங்கே சகஜம்.

ஆராய்ச்சிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறுபது வருஷமாகப் பெட்டியில் கிடந்தது என்பதால் உள்ளே தோட்டா இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தோட்டா வெடிக்காது என்பதும் நம்பக் கூடாத பேச்சு. விசையில் விரல் வைக்காமல், குழல் யார் பக்கமும் திரும்பாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, விவரம் தெரிந்தவரை வரவழைத்துத் திறக்கச் செய்வதுதான் சரி. அதைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் பஸ் ஏறி திருச்சிக்கு விலை கேட்கப் போவது இன்னும் மோசம். உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது கள்ளத் துப்பாக்கி கொண்டுபோவதுதான். ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவின்படி இதற்கு 2 முதல் 5 வருஷம் வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகமாக இருந்தால் 7 முதல் 14 வருஷம். விலை கேட்கத் தெளிவான நாலு போட்டோ போதும்.

அப்புறம், கையில் இருப்பது ரிவால்வர்தானா என்று பார்க்க வேண்டும். தோட்டா அறைகள் கொண்ட உருளை, அதாவது சிலிண்டர், ஒன்று சுழன்றால் அது ரிவால்வர். தோட்டாக்கள் பிடிக்குள் அடுக்காக ஏறினால் அது பிஸ்டல். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். அதை ரிவால்வர் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேச்சு வழக்கில் பரவாயில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றும் இருந்தால் அது சிக்கல்.

உருவம் எவ்வளவு தூரம் சொல்லும்

ரிவால்வரின் உடலமைப்பைப் பார்த்தே ஒரு கீழெல்லை போட்டுவிடலாம். இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்கிற எல்லை அது.

சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறிய மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால், அது கேப்பு வைத்து வெடிக்கும் பழைய ரகம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடித்துக் கேப்பு மாட்டுகிறார்களே, அதே முறைதான். ராபர்ட் ஆடம்ஸ் லண்டனில் தன் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். அமெரிக்கக்காரரான சாமுவேல் கோல்ட் 1853இல் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலை போட்டு, சில வருஷங்களில் மூடிவிட்டார். 1857 கலகத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் இடுப்பில் இருந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். டெல்டாவில் இதைப் பார்ப்பது மிக அரிது.

சிலிண்டரின் பின் ஓரத்தில் ஒவ்வோர் அறைக்கும் சிறிய வெட்டு இருந்து, தோட்டாவின் பக்கவாட்டில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு என்றால் அது பிரெஞ்சுக்காரர் லெஃபோஷோவின் வழி. பிரெஞ்சுக் கடற்படை 1858இல் இதை எடுத்துக்கொண்டது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் என்பதால், அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பிரெஞ்சு ரகங்கள் அகப்பட இடமுண்டு. பிரெஞ்சுப் படைக்காக 1892 மாடலில் செய்த ரிவால்வரை அடையாளம் காண்பது சுலபம். குழலின் மேல் மாடல் வருஷமும், பக்கத்தில் செய்த வருஷமும் தனித்தனியாக வெட்டியிருக்கும். எல்லோரும் இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

உடல் ஒரே கட்டாக இருந்து, வலப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடுவது அடுத்த தலைமுறை. அயர்லாந்துப் போலீசுக்காக இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி 1868 வாக்கில் கொண்டுவந்த ரகமும், 1872இல் வந்த புல்டாக் என்ற குட்டையான பை ரிவால்வரும் இதைச் சேர்ந்தவை. புல்டாக்குக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருந்ததால் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பட்டறைகள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து தள்ளின. புல்டாக் என்று எழுதியிருந்தால் முதலில் பெல்ஜிய நகல் என்று சந்தேகப்படுவதே நல்லது.

நம் பக்கத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் நடுவில் மடங்கித் திறக்கும் ரகம். கட்டை விரலால் ஒரு கொக்கியை அழுத்தினால் குழலும் சிலிண்டரும் முன்னால் சாய்ந்து, காலித் தோட்டாக்கள் தாமாகவே வெளியே தள்ளப்படும். அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்டு வெஸன் 1870இல் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் படை 1887இல் வெப்லியின் முதல் மார்க்கை, அதாவது முதல் மாடலை, எடுத்துக்கொண்டது. உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாறும் இடமும் இதுதான். கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை சில பத்தாண்டுகளாகச் செய்துவரும் பாயிண்ட் 32 (குழல் துளையின் அளவு) ரிவால்வர், வெப்லி மார்க் 4ஐ ஒட்டி அமைந்த மடங்கும் ரகமே. பார்த்தால் தாத்தா காலத்துத் துப்பாக்கி மாதிரி இருக்கும். வாங்கியது பேரனாக இருக்கலாம். சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் விலகித் திறக்கும் ரகத்தைக் கோல்ட் 1889இல் கொண்டுவந்தது, ஸ்மித் அண்டு வெஸன் 1896இல்.

இந்தக் கீழெல்லைக் கணக்கு குடும்பக் கதைகளைச் சோதிக்கவும் உதவும். சரபோஜி ராஜா எங்கள் பூட்டனாருக்குக் கொடுத்த ரிவால்வர் என்று யாராவது சொன்னால், இரண்டாம் சரபோஜி காலமானது 1832இல், கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836இல் என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையைச் சேர்த்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் இருந்த வாள், கட்டாரி, ஈட்டிகளில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாகப் போய்விட்டது. தப்பியவற்றில் ஒரு பகுதியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். நடுவில் மடங்கும் ரிவால்வரோடு தஞ்சை அரண்மனைக் கதை ஒட்டாது. அது அதற்கு முப்பது வருஷம் கழித்துப் பரவிய சாமான்.

முத்திரைகள்

வயதை நெருக்கமாகச் சொல்வது முத்திரைகள். நம் வீட்டு அண்டாவில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருப்பதைப் போல, துப்பாக்கியும் தான் போன இடத்தில் எல்லாம் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கும். குழலின் அடிப்பக்கம், சிலிண்டரில் அறைகளுக்கு நடுவே, விசைக்காப்புக்கு மேலே, பிடியின் மரத்தைக் கழற்றினால் உள்ளே என்று தேட வேண்டும். மரத்தைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை. பொருந்தாத திருப்புளியால் ஆணித் தலையைச் சிதைத்துவிட்டால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதற்கே விலையைக் குறைப்பார்.

முதலில் சோதனை முத்திரை. இங்கிலாந்தில் துப்பாக்கி விற்க வேண்டுமானால் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்குகிறதா என்று சோதித்து முத்திரை வாங்க வேண்டும். லண்டனில் ஒரு சோதனைச் சாலை. பர்மிங்காமில் இன்னொன்று, 1813இல் சட்டம் போட்டு அமைத்தது. வெப்லி பர்மிங்காம் கம்பெனி என்பதால் நம் பக்கத்துத் துப்பாக்கிகளில் பர்மிங்காம் முத்திரைதான் அதிகம். குறுக்காக வைத்த இரண்டு செங்கோலும் மேலே கிரீடமும் இருந்தால் அது 1904க்கு முந்தைய முத்திரை. கிரீடத்தின் கீழ் பி, வி என்றும் பி, பி என்றும் தனித்தனியாக ஆங்கில எழுத்துகள் இருந்தால் 1904இல் விதி மாறிய பிறகு வந்தது. கிரீடத்தின் கீழ் என், பி என்று இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அது இல்லாத பழைய ரிவால்வர் கறுப்பு மருந்துக்காக மட்டும் செய்ததாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் சிலிண்டர் கையிலேயே பிளக்கக்கூடும். பி, என், பி என்ற மூன்று எழுத்தும் கிரீடத்தோடு சேர்ந்திருந்தால் 1954க்குப் பிந்தையது.

இங்கிலாந்துச் செய்பொருள் இல்லை என்று ஆங்கிலத்தில் நேரடியாகவே வெட்டியிருக்கும் துப்பாக்கிகளும் உண்டு. வெளிநாட்டில் செய்து இங்கிலாந்து வழியாக வந்தவற்றில் 1925 முதல் 1955 வரை போட்ட முத்திரை அது. லியேஜ் என்றால் ஒரு நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும். அந்த வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தையது, இல்லையென்றால் முந்தையது. இவ்வளவு சுலபமான அடையாளம் வேறு நாட்டில் இல்லை.

படைக்காகச் செய்தவற்றில் வருஷமே இருக்கும். முதல் உலகப் போரின்போது, 1915இல் எடுத்துக்கொள்ளப்பட்ட வெப்லி மார்க் 6இன் உடலில் கம்பெனிப் பெயரோடு 1916, 1917 என்று செய்த வருஷம் தெரியும். என்ஃபீல்டு நம்பர் 2 என்ற பிரிட்டிஷ் படை ரிவால்வர் 1932இல் வந்தது. அதிலும் வருஷம் உண்டு. இரண்டாம் போர்க்கால வெப்லி மார்க் 4இல், போர்க்காலப் பூச்சு என்று பொருள்படும் ஆங்கில வாசகம் வெட்டியிருக்கும். அவசரத்தில் மெருகேற்றாமல் அனுப்புகிறோம், கோபிக்காதீர்கள் என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லிக்கொண்ட மாதிரி. ஸ்மித் அண்டு வெஸன் போர்க்கால ரிவால்வரின் தொடர் எண்ணுக்கு முன்னால் வி என்ற எழுத்து இருந்தால் 1942 முதல் 1945க்குள் செய்தது.

அகன்ற அம்புக்குறி ஒன்று இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்து. அம்புக்குக் கீழே ஐ என்ற எழுத்து இருந்தால் இந்திய அரசுடையது. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டிக்கொண்டிருந்தால், படையிலிருந்து விலக்கி வெளியே விற்றாயிற்று என்று அடையாளம். முதல் அம்பு இருந்து இந்த முட்டும் அம்பு இல்லையென்றால், தாத்தா கைக்கு அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். போர் முடிந்து வந்தவர்கள் பெட்டியில் எதையெல்லாம் கொண்டுவந்தார்கள் என்பது எல்லா ஊரிலும் உள்ள கதைதான். போலீஸ் கேட்கும்போது அந்தக் கதை பதிலாகாது, அவ்வளவுதான்.

ஏமாறும் இடங்கள் சில உண்டு. குழலின் மேல் சிறிய எழுத்தில் இரண்டு மூன்று தேதிகள் வரிசையாக இருந்தால் பலர் அதைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் துப்பாக்கிகளில் அது காப்புரிமை கிடைத்த தேதி. காப்புரிமை வாங்கி முப்பது வருஷம் கழித்துச் செய்ததிலும் அதே தேதிகள்தான் இருக்கும். அடுத்தது விற்றவர் பெயர். சென்னையில் ஓக்ஸ், பி. ஆர் அண்டு சன்ஸ், கல்கத்தாவில் மான்டன், ராடா என்று பெரிய கடைகள் இருந்தன. அவர்கள் தங்கள் கடைப் பெயரையும் வெட்டித்தான் விற்றார்கள். செய்தவர் வெப்லியாக இருப்பார். பெரிய எழுத்தில் தெரிவது கடைக்காரர் பெயராக இருக்கும். இதில் ஓர் ஆதாயம் உண்டு. கம்பெனியும் கடையும் பெயர் மாற்றிய வருஷம் தெரிந்தால் காலத்தை இன்னும் நெருக்கலாம். வெப்லி அண்டு ஸ்காட் என்ற பெயரே 1897 இணைப்பில் பிறந்தது, வெறும் பி. வெப்லி அண்டு சன் என்றிருந்தால் அதற்கு முந்தையது.

மூன்றாவது, நகல். இன்றைய பாகிஸ்தானில் தாரா ஆதம் கேல் என்ற ஊரில் வெப்லியை அச்சாகச் செய்வார்கள், முத்திரையோடு சேர்த்து. ஆங்கிலம் தெரியாமல் உளியால் வெட்டியதால் எழுத்து விட்டுப்போயிருக்கும், என் என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், கிரீடம் கிரீடம் மாதிரி இருக்காது. பீகாரில் முங்கேர் ஊருக்கும் துப்பாக்கி செய்வதில் பழைய பெயர் உண்டு. அசலில் எழுத்து எந்திரத்தால் உருட்டியது. ஆழம் ஒரே சீராக இருக்கும்.

கடைசியாகத் தொடர் எண். உடலில் ஒன்று, சிலிண்டரில் ஒன்று, சிலவற்றில் குழலிலும் ஒன்று. எல்லாம் ஒன்றாக இருந்தால் பாகம் மாறவில்லை என்று தெரியும். கோல்ட், ஸ்மித் அண்டு வெஸன் இரண்டுக்கும் பழைய பேரேடுகள் இருக்கின்றன. எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால், எந்த நாள் எந்தக் கடைக்கு அனுப்பியது என்று கடிதமே கிடைக்கும்.

இந்த முத்திரைகளுக்கெல்லாம் டெல்டாவில் ஓர் எதிரி உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்காற்றில் உப்பு. உள்ளே வந்தால் வயல் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். தோல் உறையிலேயே விட்டு வைத்த ரிவால்வர் ஒரு பக்கம் முழுக்கத் துருப்பிடித்திருக்கும். தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பதறி உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். இன்னும் அக்கறையான குடும்பம் என்றால் நிக்கல் பூச்சும் கொடுத்திருக்கும். துருவோடு முத்திரையும் போய்விடும். வயதைச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தொடர் எண்ணும் அழிந்திருந்தால் சட்டத்தின் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். சமையல் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகிவிடும்.

விலைக்கு வருவோம்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பார்ப்பது அபூர்வம், அசல் பூச்சு எவ்வளவு மிச்சம், எண்கள் ஒத்துப்போகிறதா, யார் கையில் இருந்தது என்பவை. நம்மூர் வியாபாரி முதலில் கேட்பது ஒரே கேள்வி: என்ன போர்?

போர் என்பது குழலின் துளை அளவு, அங்குலத்தில். பாயிண்ட் 32 என்றால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பாயிண்ட் 455 என்றால் பதினொன்றரை. படையும் போலீசும் பயன்படுத்திய அளவுகள் பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் கொள்கை. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 அளவு ரைபிளைத் தடுத்ததால், இங்கே புலி வேட்டைக்கு வருகிறவர்களுக்காகவே இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்தன. அந்தக் கொள்கையின் தொடர்ச்சியாக இன்றும் .38, .455, 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகளும் .303 ரைபிளும் தடை செய்யப்பட்ட ரகம். .32, .22 போன்றவை தடையில்லாதவை. தடையில்லாததற்குக் கலெக்டர் லைசென்ஸ் கொடுப்பார். திருச்சி போன்ற மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். தடை செய்யப்பட்டதற்கு டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான்; சாதாரணக் குடும்பத்துக்கு அது நடக்கிற காரியமில்லை.

ஆக, 1916 என்று வருஷம் வெட்டிய, எண்கள் எல்லாம் ஒத்துப்போகிற, அசல் பூச்சு கலையாத ஒரு வெப்லி மார்க் 6 உங்கள் வீட்டில் கிடைத்தால், வெளிநாட்டில் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். இங்கே அது .455. சட்டப்படி வாங்கக்கூடியவர் அகப்படுவதே அரிது. வாங்க ஆள் இல்லாத சாமானுக்கு விலை ஏது? பக்கத்து வீட்டில் அதே வெப்லி கம்பெனியின் குட்டியான .32 பை ரிவால்வர் இருந்தால், சேகரிப்பாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதற்கு முன்னால் வந்த வெளிநாட்டு .32 ரிவால்வர் எத்தனையோ, அத்தனைதான் சந்தையில் சுற்றுகிறது. லைசென்ஸ் வாங்குகிறவர்கள் மட்டும் வருஷா வருஷம் கூடுகிறார்கள். கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 2014இல் கொண்டுவந்த நிர்பீக் என்ற இலகு ரிவால்வரின் விலை அப்போதே 1,20,000 ரூபாய்க்கு மேல். நல்ல நிலையில் உள்ள பழைய இங்கிலீஷ், அமெரிக்க .32 அதைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. இது பழம்பொருளுக்கான விலை கிடையாது. பற்றாக்குறைக்கும் கொஞ்சம் பந்தாவுக்கும் கொடுக்கிற விலை. இப்போது வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தில் சண்டீலா என்ற ஊரில் .32 ரிவால்வர் செய்கிறார்கள். வெப்லி என்று பெயர் இருப்பதாலேயே இங்கிலாந்திலிருந்து வந்தது என்று நினைத்துப் பணம் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை, நூறு வருஷம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பது. இணையத்தில் 1899க்கு முந்தையது பழம்பொருள், கட்டுப்பாடு இல்லை என்று வரும். அது அமெரிக்கச் சட்டம். நம் ஆயுதச் சட்டம் 1959இன் 45ஆம் பிரிவு வயதை மட்டும் பார்ப்பதில்லை. பழைய பாணியோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவாக இருந்தாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைக் கொண்டு சுட முடியாது என்றால்தான் விலக்கு. பழுது பார்த்தாலும் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சுடும் ஊசியைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டோம், இனி இது வெறும் இரும்பு என்று சொல்லித் தப்ப முடியாது. ஊசியைப் புதிதாகச் செய்து மாட்டிவிடலாம் அல்லவா? சர்ச்சை வந்தால் தடய அறிவியல் துறை நிபுணர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. நூறு வருஷம் தாண்டிய பொருளை விற்றுப் பிழைக்கிறவருக்கும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப நினைப்பவருக்கும் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். ஆகவே வெளிநாட்டு ஏலக் கனவை மறந்துவிடலாம்.

லைசென்ஸ் புத்தகம்

துப்பாக்கியைவிடப் பத்திரமாக வைக்க வேண்டியது அதோடு இருந்த பழைய லைசென்ஸ் புத்தகத்தை. கம்பெனி, எண், போர், வாங்கிய கடை, வருஷாவருஷம் வாங்கிய தோட்டா, புதுப்பித்த முத்திரை எல்லாம் அதில் இருக்கும். முத்திரை அழிந்த துப்பாக்கிக்கு அதுதான் ஜாதகம். முதல் பதிவு எந்த வருஷமோ, அதற்கு முன்னால் செய்தது என்றாவது உறுதியாகும்.

டெல்டாவில் இதற்குத் தனிச் சிரமம் ஒன்று. பழைய பதிவுகள் எல்லாம் ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயரில் இருக்கும். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020 கடைசியில் மயிலாடுதுறை. சீர்காழிக்காரர் ஒருவரின் தாத்தா லைசென்ஸ் தஞ்சாவூரில் வழங்கி, நாகப்பட்டினத்தில் புதுப்பித்து, இன்று மயிலாடுதுறையில் தேட வேண்டியதாக இருக்கும். எந்தக் கோப்பு எந்த ஊர் ஆபீசில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஆள் அலைய வேண்டும்.

யாருக்கு லைசென்ஸ் கிடைத்தது என்பதையும் பேசாமல் விடக் கூடாது. 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கி லைசென்ஸ் என்பது சர்க்காரின் நம்பிக்கைக்கு அத்தாட்சி. நிலம் இருந்தவர் வீட்டில் துப்பாக்கி இருந்தது, கூலிக்கு உழைத்தவர் குடிசையில் அரிவாள் மட்டும் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குள் வந்த நிலக்கிழார்களின் கும்பலிடம் துப்பாக்கிகளும் இருந்தன. 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பரம்பரைப் பெருமை என்று பேசும்போது டெல்டாவில் இந்தப் பக்கமும் நினைவில் இருக்கத்தான் வேண்டும். ஏலக்காரர்கள் சொல்லும் கைமாறிய வரலாறு நம் ஊரில் எப்போதும் விலையை ஏற்றுகிற வரலாறாக இருக்காது.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். உரிமை வாரிசுகளிடம்தான் இருக்கும். அதற்குரிய கெடுவுக்குள் வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி மீட்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம். கெடு தப்பினால் அரசுக்குப் போய்விடும். 2016 ஆயுத விதிகள் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். பெரியவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பின்னால் பாதி அலைச்சல் மிச்சம். வாரிசுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும்.

2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஏற்கெனவே இரண்டு இரட்டைக்குழல் வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவின் ரிவால்வர் வந்தால் ஒன்றை விட்டாக வேண்டும். தோட்டா வாங்கவே முடியாத போர் என்றால் அதை விடுவது, .32 என்றால் அதை வைத்துக்கொண்டு இரட்டைக்குழலில் ஒன்றை விடுவது என்று பெரும்பாலோர் கணக்குப் போடுகிறார்கள். நெல் வயலில் பன்றி விரட்ட ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை என்றான பிறகு இரட்டைக்குழலின் கிராக்கி பழைய மாதிரி இல்லை.

விற்பதென்று முடிவானால் லைசென்ஸ் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருந்து, லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்காரருக்கோ கொடுக்க வேண்டும். ஒரே கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து முடிவு செய்யாமல் திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்பது நல்லது. போனில் கேட்கும்போது கம்பெனி, போர், தொடர் எண்ணின் முன் எழுத்து, சிலிண்டர் ஆட்டம் இருக்கிறதா, குழலின் உள்ளே சுருளாக ஓடும் புரி தெளிவாகத் தெரிகிறதா, லைசென்ஸ் எந்த வருஷம் வரை புதுப்பித்தது என்ற ஆறு விவரமும் கையில் இருந்தால், தெரியாதவர் என்று நினைத்து விலையை அடிக்க மாட்டார்கள். கடையில் ஒப்படைத்திருந்தால் பாதுகாப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாரிசுகளுக்குள் பேச்சு முடியாமல் நாலைந்து வருஷம் இழுத்தால், அந்தப் பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும். தோட்டா கிடைக்காத போராக இருந்தால் கடைசியில் பாக்கி மட்டும்தான் மிஞ்சும்.